பதினோராவது குப்பி

திபிலிசி. கரண்ட் போய் ஒன்பதாம் நாள்.
ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியைவிட
ஜன்னலுக்கு வெளியே குளிர் அதிகம்.
ஆகவே குப்பிகளெல்லாம்
நான்காம் மாடி விளிம்பில், கழுத்தில் கயிறோடு,
புறாக்களுக்கு நடுவில்.

போன மார்ச்சில், சாலைகள் திறந்திருந்தபோது,
சியாலா மலைச்சரிவில் மண்டியிட்டுத் தோண்டியவை:
எந்த்ஸேலாக் கிழங்குகள்.
பனி விலகுமுன்னே தலைகுனிந்து பூக்கும் வெள்ளைப் பூ.
அரைத்து, சாராயத்தில் ஊறவைத்து, வடித்து,
பிரித்ததையே மறுபடி பிரித்து
பதினாலு குப்பி ஆனது.
ஒவ்வொன்றிலும் ஒரு மிடறுக்கும் குறைவு.

அளக்கும் கருவிகளெல்லாம் மின்சாரத்துக்குப் பிறந்தவை,
செத்துக் கிடந்தன.
ஓத்தியாதான் அலமாரிக்குப் பின்னாலிருந்து
இழுத்து வந்தான் அதை:
சாவி கொடுத்தால் சுற்றும் பித்தளை உருளை.
வழவழத் தாளில் மண்ணெண்ணெய் விளக்கின் புகை படியவிட்டு
கரேலென்று அதைச் சுற்றி ஒட்டினார்கள்.
(அந்த விளக்கை ஒன்பது நாளாகத் திட்டியது
புகைக்கிறது என்றுதான்.)

மெத்தையில் வைத்தாலும் அட்டை
செத்தைக்கே திரும்பும் என்பார்கள்.
இந்த அட்டை எங்கும் திரும்பவில்லை.
முதுகுத் தசையில் ஒரு நாடா,
இரு முனையிலும் நூல்,
உப்புநீரில் தொங்கியது.
மேல்நூல் ஒரு வைக்கோல் துரும்பை இழுக்க
துரும்பின் நுனி கரியைச் சுரண்டி
வெள்ளைக் கோடு எழுதியது.
ரப்பர் பந்தைப் பிழிந்து பிழிந்து
செத்த தசைக்கு மூச்சு ஊட்டினான் ஓத்தியா.

நரம்பு தசைக்குச் சொல்லும் சொல், ஒரு துளி:
கோடு ஒரு விரற்கடை ஏறி இறங்கியது.
முதல் குப்பி, இரண்டாவது, ஏழாவது. அதே விரற்கடை.
எட்டில் தசை சோர்ந்தது. வேறு அட்டை.
பத்தில் அதுவும். இன்னொன்று.
பதினொன்று
அதே துளி, அதே சொல்,
சொன்னதும் அழிக்க ஓடிவரும் நொதியின் கையை
யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டதுபோல்
கோடு ஏறியது, இன்னும் ஏறியது,
தாளின் விளிம்பு தட்டி நின்றது.

யாரும் கைதட்டவில்லை.
இரண்டு ஜோடிக் கையுறைக்குள் என்ன ஓசை வரும்.
“மறுபடி” என்றாள் சியாலா.
மறுபடி. விளிம்பு.

கூடம் பெருக்கும் லாமாரா
வாளியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.
அவள் கணவன் வலிக்கோ
ரொட்டி வரிசைக்குப் போனால் திரும்ப வழி தெரிவதில்லை,
பாலத்தடியில் நிற்கிறான்,
ஏன் நிற்கிறோம் என்பதும் தெரியாமல்.
“ஒரு சொட்டுப் போதும், சியாலா.”
“மனுஷனுக்கு எவ்வளவு என்று தெரியாது.”
“அட்டைக்குக் கொடுக்கிறாயே.”
சியாலா மேசையைக் காட்டினாள்.
மூன்று அட்டைகள், முதுகில்லாமல்.
“அதுவும் சரிதான்” என்றாள் லாமாரா.
சரி என்கிற குரல் அது இல்லை.

கரியில் எழுதிய கோடு நிலைக்க
அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூச வேண்டும்.
ஸ்பிரிட், புத்தாண்டு இரவிலேயே
காவலாளியின் வயிற்றில் கரைந்துவிட்டது.
வீட்டில் அரைப்புட்டி உண்டு.
தொட்டால் போய்விடும் தாளை
இரு கையிலும் தட்டுப்போல் ஏந்தி நடந்தாள்,
டிராம் ஓடாத தண்டவாளத்தின் நடுவே.
பாதி வழியில் பனி. கரியில் வெண்புள்ளிகள்,
எந்தச் சோதனையிலும் வராத அளவுகள்.

பாலத்தடியில் ஒருவன் நின்றிருந்தான்.
கையில் ரொட்டி, அதில் ஒரு கடி.
அவளைப் பார்த்துச் சிரித்தான், மரியாதைக்கு,
புது ஆளைப் பார்த்துச் சிரிப்பதுபோல்.
வலிக்கோவேதான்.

அவனைப் பிடித்து நடத்த
ஒரு கையாவது வேண்டும்.

காலையில் சியாலாவின் சாம்பல் நிறக் கோட்டில்
நெஞ்சு முழுக்கக் கரி.
ஓத்தியா பார்த்தான். தாள் எங்கே என்று கேட்கவில்லை.
விளக்கைப் பற்றவைத்து, புகைய விட்டான்.
ஜாடியில் இரண்டு அட்டைகள் மிச்சம்.