இடவழு

மணியடிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.
கணக்கு ரீச்சர், நேரத்தில் பிசகமாட்டா என்று.

நெல்லியடி. ஆனி மாதம்.
மண்டபத்தில் நாலு மின்விசிறி, சுற்றியது இரண்டு.
கரும்பலகையில் தலைப்பு:
பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகுவதே நன்று.
எழுதிய பிள்ளைக்கு இடம் போதாமல்
‘நன்று’ மட்டும் கீழே இறங்கி
தனியே நின்றது.

ஐந்து ரூபாக் குற்றியைச் சுண்டினோம்.
டிலக்சினிக்கு ‘இருக்கட்டும்’.
யதுர்சனுக்கு ‘போகட்டும்’.
அவரவர் மனதில் என்ன இருந்ததென்று
குற்றி கேட்கவில்லை.

அவள் சுங்கவரியில் தொடங்கினாள்.
மீன், வாகனம், வங்கி என்று
பாடமாக்கியதை ஒப்புவித்தாள்.
பிறகு தாளை மடித்தாள்.
“எனக்கு எட்டு வயது. ஆவணியில் பாதை பூட்டினது.
சங்கக்கடை வாசலில் மூன்று மணித்தியாலம்,
அரைக் கிலோ சீனிக்கு.
முகமாலையில் ஒரு கதவைச் சாத்தினால்
வல்வெட்டித்துறையில் தேத்தண்ணி கசக்கும்.
எல்லை என்றால் என்னவென்று
லண்டன்காரர் எங்களிடம் கேட்கலாம்.”
எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டப் போய்
கையிலிருந்த மணி சிணுங்கியது.

யதுர்சன் எழும்பினான்.
புத்தூரில் தகப்பனுக்கு வெங்காயத் தோட்டம்.
“நாங்கள் கிண்டுகிற கிழமை பார்த்துத்தான்
கொழும்பில் கப்பல் இறங்கும்.
வரியைக் கூட்டுகிறவரோ குறைக்கிறவரோ
ஒருவரும் எங்கள் வரம்பில் நடந்ததில்லை.
தன் சந்தைக் கதவின் திறப்பு
தன் மடியில் இருக்கவேண்டும் என்று
ஒரு நாடு கேட்பது பிழையா?
அவர்கள் பிரிந்து போவதென்றால்
கணக்குப் பார்த்துத்தான் போவார்கள்.
நட்டம் வரும். வரட்டும்.
நாங்கள் பிரிந்து போவதென்றால்...”

மின்விசிறிச் சத்தம் மட்டும்.
அதிபர் கண்ணாடியைக் கழற்றினார்.
பின்வரிசையில், ஒருவரும் அழைக்காமல் வந்திருந்த
இரண்டு பேரில் ஒருவர்
கைபேசியைச் சற்று உயர்த்தினார்.

நான் மணியை அடித்தேன்.

ஐம்பத்திரண்டு செக்கன் மிச்சம் இருந்தது.
அவன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
“நன்றி” என்று சொல்லி இருந்தான்.

நடுவர் சிவகடாட்சம் சேர் தீர்ப்பில் சொன்னார்:
நல்ல குரல், நல்ல வாதம்.
ஆனால் படர்க்கை வரவேண்டிய இடத்தில்
தன்மை வந்துவிட்டது.
இடவழு. இரண்டு புள்ளி குறைத்தேன்.
மண்டபம் ஆறுதலாகச் சிரித்தது.
இலக்கணப் பிழைதானே, வேறென்ன.
பின்வரிசையும் எழும்பிப் போனது.

கேடயம் கொடுக்கிற இரைச்சலில்
என் பக்கம் குனிந்தார்:
“‘நாம்’ என்றால் எதிரில் நிற்கிறவனும் உள்ளே.
‘நாங்கள்’ என்றால் அவன் வெளியே.
பெடியன் தெரிந்துதான் போட்டான் பிள்ளை.”

அடுத்த வெள்ளி, முதலாம் பாடம் முடிய
லண்டனிலிருந்து அண்ணன்.
“வெளியில வந்திட்டம்” என்றான்.
அதுவும் தன்மைப் பன்மை.
கோழிப் பெட்டிகளுக்கு நடுவே
ஐந்து நாட்டு எல்லையைப்
படுத்தபடி கடந்தவன்.
“இனிச் சனம் வந்து நிறையாது.
கேற்றைச் சாத்தத்தானே வேணும்.”
எதற்குப் போட்டாய் என்று நான் கேட்கவேயில்லை.
வாய் வரை ஏதோ வந்தது.
அவன் காசில் வாங்கிய கைபேசி
காதில் சுட்டது.
“சாப்பிட்டியா” என்றேன்.

மாசி மாதம் பருத்தித்துறை பஸ்ஸில்
யதுர்சனைக் கண்டேன்.
காலடியில் வெங்காயச் சாக்கு.
விதைக்கு என்றான். பிறகு பேச்சில்லை.
வல்லை வெளியில் காற்று உள்ளே அடித்தது.
அந்தச் சத்தத்தை நம்பிக் கேட்டேன்:
அண்டைக்கு மிச்சம் என்ன சொல்ல இருந்தனி?

சாக்கின் கட்டை இறுக்கிக்கொண்டே சொன்னான்,
“மிச்சம் எழுதேல்லை ரீச்சர்.
அந்த இடத்தில ஆரோ மணியடிப்பினம் எண்டு
தெரியும்.”