இரண்டாவது சப்பாத்து

ஐம்பத்தேழாம் ஆண்டு மாசி.
சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கென்று வந்த
பின்லாந்துக் கப்பலொன்று
இயந்திரம் பழுதாகிப் பதினொரு நாள் கிடந்தது.
அதன் சமையற்காரன் வெய்க்கோ
நாலாம் நாள் இரவு, வெங்காய வாசத்தோடு,
எங்கள் ஒத்திகைக்குள் வந்து குந்தினான்.

டொக்கியாட் நலன்புரி மண்டபம்.
நான் திரைக்குப் பின்னால், கொப்பியும் டோர்ச்சுமாக.
வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை.
ஒருவரும் மறக்காதவரை நான் அங்கே இல்லை.

கதாநாயகன் பரநிருபசிங்கம்.
பகலில் கப்பல் வயிற்றைச் சுரண்டிச் சிவப்பு மை பூசுவான்.
கோடம்பாக்கத்தில் இரண்டு வருடம் கிடந்து
மூன்று படத்தில் பொலிஸ்காரன், ஒன்றில் பிணம்.
'பிணத்துக்குத்தான் முகம் தெரிஞ்சது' என்பான்.
ஊர் திரும்பிய பிறகு
சாவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.
நாடகத்தில் அவன் ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர்.
நெஞ்சைப் பிடித்து, தூணைப் பிடித்து,
'அம்மா'வில் தொடங்கி 'நீதி'யில் முடிய
ஏழு நிமிடம் சாவான்.
விசிலடித்துக் கேட்டால்
எழும்பித் தூசு தட்டி இன்னொருமுறை சாவான்.

ஒத்திகை முடிந்தது.
வெய்க்கோ பேர்சுக்குள்ளிருந்து ஒரு படம் எடுத்தான்.
உப்புக் குடித்து ஓரம் சுருண்ட படம்.
அதில் அவனே, தபால்காரத் தொப்பியோடு.
பக்கத்தில் ஒருத்தி சிரிக்காமல் நிற்கிறாள்.

என் இங்கிலீசும் அவன் இங்கிலீசும்
ஒன்றையொன்று கைபிடித்துத் தெருக் கடந்தன:
தம்பெரே என்ற ஊரில் ஒன்பது வருடம் மேடை.
பனிக்காலத்தில் சனம் ஈரக் கம்பளி நாற்றத்தோடு வரும்.
கோடை குறுகியதால்
ஒரே கோட்டுடன் மூன்று படம் எடுப்பார்கள்.
வைத்தியன், குடிகாரன், தேவாலய மணியடிப்பவன்.
யுத்தத்தின்போது காட்டுக்குள் சிப்பாய்களுக்கு நடித்தான்.
முன்வரிசை நன்றாகச் சிரித்தது.
மறுநாள் ஆட்டத்துக்கு முன்வரிசை வரவில்லை.
முப்பத்திரண்டு வயதில் கிழவன் வேசம் கொடுத்தார்கள்.
மீசையை ஒட்டும்போதே தெரிந்துவிட்டதாம்
இனி அதைக் கழற்ற விடமாட்டார்கள் என்று.
'இவள்?' என்றேன்.
'இன்னும் நடிக்கிறாள்.'
படம் பேர்சுக்குள் போனது.

பிறகு, ஒருவரும் கேட்காமலே,
மேடையேறிச் செத்துக் காட்டினான்.
கதிரையில் அமர்ந்தான்.
ஒரு சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான்.
இரண்டாவதன் நாடாவை அவிழ்க்கக் குனிந்தான்.
அவ்வளவுதான்.
விரலில் நாடா.
உட்துறைமுகத்தில் ஒரு லோஞ்ச் போகிற சத்தம்
முழுதாகக் கேட்டது.
கோட்டை மானொன்று வாசலில் நின்று
உள்ளே பார்த்துவிட்டுப் போனது.

பரநிருபசிங்கம் எழும்பி வெளியே போனான்.
'சமையற்காரன் எனக்குச் சாகப் பழக்கிறானோ' என்று
பீடி முழுவதும் ஏசினான்.

கப்பல் வெள்ளி போனது.
சனிக்கிழமை மண்டபம் நிறையச் சனம்.
பெரியகடைக் கச்சான்காரிகூட உள்ளே.
கடைசிக் காட்சி.
நெஞ்சைப் பிடிப்பான் என்று பார்த்திருந்தேன்.
கதிரையில் அமர்ந்தான்.
ஒரு சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான்.
குனிந்தான். நின்றான்.

கச்சான் உடைக்கிற கைகள் நின்றன.
யாரோ ஒரு பிள்ளையின் வாயைப் பொத்தினார்கள்.
நான் கொப்பியைப் பார்த்தேன்:
இரண்டரைப் பக்க வசனம் மிச்சம்.
ஐயோ, மறந்துபோனான்.
டோர்ச்சை அடித்து, தொண்டையைச் செருமி,
பின்வரிசைக்கும் கேட்க
'அம்மா!' என்றேன்.

சனம் வெடித்துச் சிரித்தது.
அவன் அசையவில்லை.
திரை விழுந்து முடியும்வரை செத்தே இருந்தான்.

பிறகு உள்ளே வந்தான்,
ஒரு காலில் சப்பாத்து, மறுகாலில் மேசு மட்டும்.
திட்டுவான் என்று நின்றேன்.
என் கையில் இன்னும் எரிந்த டோர்ச்சை
மெல்ல அணைத்துவிட்டுப் போனான்.

அடுத்த கிழமை பழையபடி
தூணைப் பிடித்து ஏழு நிமிடம் செத்தான்.
விசில். இன்னொருமுறை.
கொப்பியைத் திறக்காமலே நின்றேன்.
ஒரு சொல்லும் அவன் மறக்கவில்லை.