வைக்கோல் டயர்

தேவகோட்டையில் மலை கிடையாது.
ஏற்றம் என்று சொல்லக் கண்மாய்க்கரை இருக்கிறது,
அவ்வளவுதான்.
இருந்தும் வாங்கினேன் மலைச் சைக்கிள்.
இருபத்தொரு கியர், பதினெட்டுத் தவணை.
நகைக்கடன் கவுண்டரில்
அடுத்தவர் சங்கிலிகளை எடைபோடுகிறவனுக்குச்
சொந்தமாக ஒரு சங்கிலி,
எண்ணெய் போட்டால் மின்னுவது.

உமையாள் பல் டாக்டர்.
ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் திறந்த வாய்கள் ஆகாது.
நாலே முக்காலுக்குக் கிளம்பினோம்:
தண்ணீர் பாட்டில் நான்கு, பஞ்சர் ஒட்டு இரண்டு,
ஒரு பை வெள்ளரிப்பிஞ்சு,
போனில் தொண்டி வரைக்கும் ஒரு நீலக்கோடு.
தார்ச்சாலை தொடக்கூடாது என்பது ஒப்பந்தம்.

பெரிய வீடுகளின் சுவர்
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது.
படம் எடுக்க வருகிறவர்கள் முன்வாசலுக்குப் போகட்டும்.
நாங்கள் பின்சுவரைத் தாண்டியதும்
செம்மண் பல்லைக் காட்டியது,
எல்லாம் செம்புராங்கல் சரளை.
கைப்பிடியின் அதிர்வு முழங்கைக்கு ஏறி
பேச்சு உடைந்து உடைந்து வந்தது.
"இ து பா தை யா?"
"போ ன் சொல் லு து."

போன் கண்மாயையும் பாதை என்றது.
மாசி மாதம், பாதி நீர்.
சைக்கிளைத் தோளில் போட்டுக்
கலுங்கின் மேல் நடந்தோம்.
நாரைகள் தலை திருப்பவில்லை.
எருமை ஒன்று மட்டும்
எங்களைக் கியர் கியராகப் பார்த்தது.

விருசுழி ஆற்றில் மணல்தான்.
மணல் எந்தக் கியருக்கும் கட்டுப்படாது.
தள்ளினோம்.

சீமைக்கருவேலம் எங்கே தொடங்குகிறதென்று
டயருக்குத்தான் முதலில் தெரியும்.
முதல் முள்ளுக்கு
உமையாள் கிளினிக் இடுக்கியை எடுத்தாள்.
"வலிக்காது, கண்ணை மூடிக்கோ" என்றாள் டயரிடம்.
இரண்டாவது முள், திருவாடானைக்கு இந்தப் பக்கம்.
ஒட்டு தீர்ந்தது.
மூன்றாவது, அந்தப் பக்கம்.
மணி பத்து. நிழலுக்கு ஒரு பனை,
அதன் நிழலும் ஓர் ஆள் அகலம்.
முறைவைத்து நின்றோம்.

அறுத்த வயலில் மெஷின்
வைக்கோலை உருளை உருளையாகத் துப்பிக்கொண்டிருந்தது.
உமையாள் அதையே பார்த்தாள்.
"மாட்டு வயித்துக்குச் சரின்னா
டயர் வயித்துக்கு ஆகாதா?"

மெஷின்காரர் சவரிமுத்து
இஞ்சினை நிறுத்தாமலே கேட்டார்,
எத்தனை உருளை?
ஒரு டயருக்கு, என்றேன்.
இஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டார்.

ட்யூபை உருவி இடுப்பில் கட்டிக்கொண்டேன்.
முறுக்கி முறுக்கிக் கயிறாக்கித் திணித்தோம்.
சவரிமுத்து ஸ்குரூ டிரைவரால் விளிம்பை நெம்பிக்
கடைசிப் பிடியை உள்ளே தள்ளினார்.
பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.
"முதலாளி கேட்டா
நான் கணக்குச் சொல்லணும்ல."

அதன்பிறகு என் சைக்கிள்
சரக் சரக்கென்று போனது,
அடியில் ஒரு மாடு அசைபோடுவது போல.
விளிம்பில் நீட்டிய ஒரு தாளுக்காக
ஆட்டுக்குட்டி ஒன்று அரைக் கிலோமீட்டர்
கூடவே ஓடிவந்தது.

சிவப்பு மண் எங்கே விட்டுப்போனது என்று
கவனிக்கவில்லை. சக்கரத்தில் வெள்ளை ஒட்டியிருந்தது,
காற்றில் கருவாடு.

தொண்டிக் கடல் அலையில்லாமல் கிடந்தது,
இஸ்திரி போட்ட துணி மாதிரி.
மொத்தம் ஏறிய உயரம், போன் காட்டியது,
முப்பத்தொரு மீட்டர்.
"இதுக்கு இருபத்தொரு கியரா?"
கியருக்கு ஒன்றரை மீட்டர், என்றேன்,
வட்டி தனி.

படகு நிழலில் டயரைக் கழற்றி
வைக்கோலைக் கொட்டினோம்.
தவிடாகியிருந்தது. செம்மண் தூள், உப்பு,
எப்படியோ நசுங்காமல்
ஒரு நெல்.
உமையாள் அதை ஊதிவிட்டு
வாயில் போட்டுக் கடித்தாள்.
"பல் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.
யாருடையது என்று சொல்லவில்லை.