எண்பதில் பிடுங்குகிறவள்

ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு அலாரம்.
பிள்ளைக்காக எழும்புகிறேன் என்று
மேல்வீட்டு கிளாடிஸ் நினைத்திருந்தாள்.
பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. இடி விழுந்தாலும் தூங்கும்.
நான் எழும்புவது
எண்பது ஆனதும் பிளக்கைப் பிடுங்க.

நூறு வரைக்கும் விட்டால்தான் என்ன என்பார் இவர்.
தினமும் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டால்
வயிறு என்ன ஆகுமோ அதுதான்.
இருபதுக்குக் கீழே பட்டினி போட்டாலும் ஆகாது.
வண்டிக்கடன் முப்பத்தாறு மாதம்.
கடைசித் தவணைக்கு முன்னே பாட்டரி செத்தால்
வெறும் இரும்புக்கு வட்டி கட்ட வேண்டும்.

ஐந்தரைக்குத் தக்கலையிலிருந்து புறப்பாடு.
காலடியில் ஐஸ்பெட்டி. சாம்பல் மூடி சர்க்கரைக்கு,
ஊதா மூடி ரத்த எண்ணிக்கைக்கு.
மேக்காமண்டபம் தொட்டு வேர்க்கிளம்பி வரை
வெறும்வயிற்றோடு காத்திருக்கிறார்கள்.
பசித்தவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும்.
ஆனாலும் ஏற்றத்தில் நான் முறுக்குவதில்லை,
ரப்பர் ஷீட் லாரிக்குப் பின்னால்
அதன் புகையைத் தின்றுகொண்டு முப்பதில் உருளுவேன்.
இறக்கத்தில் கையை விட்டால்
கொஞ்சம் திரும்ப ஏறும்,
சிரட்டையில் பால் சொட்டுவதுபோல
பையப் பைய.
வெயிலில் நிறுத்த மாட்டேன்.
பலாமர நிழல் இரண்டு வீடு தள்ளி என்றால்
இரண்டு வீடு நடப்பேன்.

ஐப்பசியில் ஒருநாள்.
ரோட்டில் மரம் விழுந்து, எங்கெங்கோ சுற்றி,
வேர்க்கிளம்பியில் இருபத்திரண்டு காட்டியது.
ராஜபாய்க்கு நரம்பு கிடைக்க மூன்று குத்து.
மூன்றாவதுக்குப் பிறகும் அவள் சொன்னாள்:
“வண்டியையும் இங்கேயே குத்திப் போடு,
கரண்டு காசு கேக்க மாட்டேன்.”
பாட்டரியைத் தொட்டேன், சுட்டது.
ஆறட்டும் என்றேன்.
“ரத்தம் எடுத்த கையோட எனக்கு ஆப்பம் வேணும்.
உன் வண்டி மட்டும் ஆறி அமர்ந்துதான் திங்குமோ?”
எனக்கும் ஒரு தட்டு வந்தது.
வேண்டாம், இன்னும் நாலு வீடு இருக்கு என்று சொல்லிவிட்டு
சாய்ப்பின் கீழே
அரைமணி நேரம் நின்றேன்,
பாட்டரிக்காக.

போன வாரம் வெட்டூர்ணிமடத்தில் சர்வீஸ்.
கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்த பையன்
இன்னொருத்தனைக் கூப்பிட்டுக் காட்டினான்.
“ரெண்டு வருசத்துக்குத் தொண்ணூத்தொண்ணு!
கூட வாங்கின வண்டியெல்லாம்
எழுபத்தஞ்சுல நிக்குது. எப்படி அக்கா?”
பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி
அந்தச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் லாபில்
ஊதா மூடிக் குழாய் ஒன்று மிச்சம்.
சும்மாதான், என் கையிலேயே குத்தி
மெஷினில் வைத்தேன்.
ஹீமோகுளோபின்
ஒன்பது புள்ளி ஒன்று.

அதே ஒன்பது, அதே ஒன்று.
நடுவில் ஒரு புள்ளி.

ரிப்போர்ட்டில் பெயர் போடவில்லை.
வியாழக்கிழமை ராஜபாய்க்கு மறுபடி சர்க்கரை பார்க்கணும்.
ஆப்பம் தந்தால்
இந்தத் தடவை உட்கார்ந்து வாங்கணும்.
அலாரம்
அதே பதினொன்றே முக்கால்தான்.