அறுபத்தைந்து

எஞ்சின் சூடாகட்டும் என்கிறேன்.
பாலாடாவில் கழுவிய கேரட்டின் தண்ணீர்
பிக்கப்பிலிருந்து இன்னும் சொட்டுகிறது.
புல்லெல்லாம் உறைபனி.
ஆயில் அறுபது டிகிரியைத் தொடும்வரை
போஜராஜும் நானும்
பானட்டில் உள்ளங்கை வைத்துக் குளிர்காய்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வாங்கினால் பாஸ்.
என் கொட்டகையில்
அறுபத்தைந்தைத் தாண்டினால் ஃபெயில்.

"மிதிங்க."
"விடுங்க."
"இன்னொரு தடவை, அடிவரைக்கும்."
காட்டுப்பன்றி புகுந்த பாத்திபோல
காற்று கிளறிக் கிடக்கிறது.
எழுபத்தெட்டு.

"மேட்டுப்பாளையத்துல நாப்பத்தெட்டுதான் காட்டுச்சு மேடம்.
இங்க காத்து கம்மி.
ஏழாயிரம் அடியில அதுக்கும் மூச்சு வாங்கும்ல?"
வாங்கும். பொய்யில்லை.

டேங்கிலிருந்து ஒரு ஜாடி இறக்கி
கண்ணாடித் தண்டை மிதக்கவிட்டேன்.
ஒரு விரற்கடை கூடுதலாக மூழ்கியது.
"எந்த பங்க்?"
தேயிலைச் சரிவைப் பார்த்தபடி சொன்னார்:
"பேரல்ல வாங்கினது. லிட்டருக்குப் பன்னெண்டு ரூபா மிச்சம்."
அதுவும் பொய்யில்லை.

காற்றால் எவ்வளவு, கலப்படத்தால் எவ்வளவு என்று
பிரித்துச் சொல்லத் தெரியாது மெஷினுக்கு.
அது ஓர் எண்ணைத்தான் அச்சடிக்கும்.

"குழாயைப் பாதி மட்டும் விடுங்களேன்.
நாளைக்கு எஃப்.சி.
பிரேக் இன்ஸ்பெக்டர் சீட்டைத்தான் பார்ப்பாரு,
புகையையா பார்க்கப் போறாரு?"
முழுசாகச் செருகி இன்னொரு முறை எடுத்தேன்.
எழுபத்தொன்பது.

டேங்கைக் காலிசெய்து
மண் அடைத்த ஏர் ஃபில்டரை மாற்றிக்கொண்டு
நாலரைக்குத் திரும்பி வந்தார்.
அறுபத்து மூன்று.
சந்தையைத் தவறவிட்ட கேரட்
தார்ப்பாய்க்கு அடியில் அப்படியே இருந்தது.
அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

நகக்கண்ணில் கரியோடு,
கொஞ்சம் கர்வத்தோடும்தான்,
வீட்டுக்கு நடந்தேன்.
லவ்டேல் ஏற்றத்தில் ஒரு பள்ளி வேன்
முதல் கியரில் முக்கிக்கொண்டு போனது,
பின்னால் வந்த பைக்காரன்
முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொள்ளும்படி.

வளைவில் ஒரு பிள்ளையை இறக்க நின்றது.
கடந்துபோகையில் பார்த்தேன்,
முன்கண்ணாடியில் ஒட்டிய சீட்டு.
என் சென்டர் எண். என் கையெழுத்து.
மார்ச் பதினாறு.

அன்று வண்டி வரவில்லை.
வாட்ஸப்பில் நம்பர் பிளேட்டின் படம் மட்டும் வந்தது.
நல்ல வெயிலில் எடுத்த படம்,
ஒரு துளி புகை இல்லை அதில்.

நாற்பத்தொன்று என்று போட்டிருந்தேன்.
ஏன் நாற்பத்தொன்று?
எவ்வளவு யோசித்தும்
ஞாபகம் வரவில்லை.