கொள்ளளவு

ராயக்கோட்டையிலிருந்து கிருஷ்ணகிரி போகிற வழியில்
நீலத் தகரக் கூரை ஒன்று தெரியும், பார்த்திருப்பீர்கள்.
தக்காளிக் குளிர்பதனக் கிடங்கு.
கொள்ளளவு ஐந்நூறு மெட்ரிக் டன்.
நாலு வருஷமாக அதற்குள் இருந்த சரக்கு
நான்தான். அறுபத்திரண்டு கிலோ.

பேர் திம்மராயன். இரவுக் காவல்.
மாதம் ஒன்பதாயிரம், பிடித்தம் போகக்
கைக்கு ஏழாயிரத்து எண்ணூறு.
அதில் பாதி வாரியம் தந்தது.
மறுபாதி ஒரு கிரானைட் கம்பெனி;
மலையை அறுத்த கணக்கில்
கொஞ்சம் புண்ணியமும் எழுத வேண்டுமாம்.

திறப்பு விழா அன்று மட்டும் உள்ளே குளிர்ந்தது.
ஓசூரிலிருந்து ஜெனரேட்டர், வாடகைக்கு.
பந்தலுக்கும் ஏசி.
கல்வெட்டில் பதினேழு பெயர்கள்,
பதினெட்டாவது ஆள் கோபித்துக்கொண்டதால்
பக்கத்திலேயே இன்னொரு கல்வெட்டு.
உள்ளே அடுக்கத் தக்காளி வேண்டும் என்றார்கள்.
என் கொல்லையிலிருந்து நாற்பது பெட்டி போனது.
போட்டோ எடுத்தார்கள்.
சாயங்காலம் ஜெனரேட்டர் லாரி ஏறியது.
பெட்டிக்குக் காசு கேட்டு நின்றேன்.
காசுக்குப் பதில் இந்த வேலை.

டிரான்ஸ்ஃபார்மர் வரும் என்றார்கள்.
சுற்றுச்சுவர் வந்தது.
சுவர் வெறிச்சென்று இருக்கிறதே என்று ஓவியம் வந்தது:
கை கால் முளைத்த தக்காளி, சிரித்தபடி.
ஐப்பசி மழையில் அதன் ஒரு கண் கரைந்துவிட்டது.
அப்புறம் கேமரா எட்டு,
கரண்ட் இல்லாததைக் கண்காணிக்க.
அப்புறம் ஏழு பேர் ஸ்பெயினுக்குத் தெற்கே எங்கேயோ
விமானத்தில் போய் வந்தார்கள்,
தக்காளி அங்கே எப்படிக் குளிர்கிறது என்று பார்க்க.
அதில் நல்ல மனுஷன் ஒருத்தர்
எனக்கொரு சாவிவளையம் வாங்கி வந்தார்.
தகரத்தில் ஒரு காளை மாடு.
கிடங்குச் சாவி அதில்தான் தொங்குகிறது.

போன சித்திரையில் கிலோ ஒன்றரை ரூபாய்.
பறிகூலிக்குக் கட்டவில்லை.
கிடங்கு வாசலிலேயே டெம்போக்கள்
கவிழ்த்துவிட்டுப் போயின.
ஆடு முகர்ந்து பார்த்து நகர்ந்தது.
மூணாவது டெம்போவிலிருந்து நாகவேணி இறங்கினாள்.
என் பெண்டாட்டி.
என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.
"தொறயேன். வெயிலாவது படாம கெடக்கும்."
திறக்க உத்தரவு இல்லை.
அன்றைக்கு ராத்திரி
அழுகல் வாடை சுவரேறி வந்து
என் லுங்கியில் உட்கார்ந்துகொண்டது.
நான் டார்ச் அடித்து
ஒன்றுமில்லாததைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஆடியில் தணிக்கைக்கு ஆள் வந்தது.
நிலோஃபர் என்று ஒரு பெண், செருப்பெல்லாம் சேறு.
"இங்க என்ன காவல் காக்குறீங்க?"
பதினோரு கோடிங்க மேடம், என்றேன்.
சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.
தெர்மாகோல் சுவரைத் தட்டிப் பார்த்தாள்,
வௌவால்களைக்கூட எண்ணினாள். மூன்று.

முப்பத்தெட்டுப் பத்தி எழுதினாளாம்.
முப்பத்தேழுக்குப் பதில் போனது:
பாறை, மழை, கொரோனா, தேர்தல்,
கோப்பை வைத்திருந்தவர் மாற்றலாகிப் போனது.
விளக்கம் ஏற்கப்பட்டது. விளக்கம் ஏற்கப்பட்டது.
ஒரே ஒரு பத்தியில்
வாரியமும் கம்பெனியும் தலையாட்டின:
பொருளில்லாத கிடங்குக்குக் காவலர்
வீண் செலவு. உடனே நிறுத்தவும்.

அதில் தப்பொன்றும் இல்லை.
எனக்கே அது தெரியும்,
முதல் மாதச் சம்பளம் வாங்கின அன்றைக்கே.

சாவியை ஒப்படைக்கப் போனேன்.
சாவி கம்பெனியுடையது என்றது வாரியம்.
பூட்டு வாரியத்துடையது என்றான்
கம்பெனி கேட்டில் இருந்த பையன், என்னைப் போல ஒருத்தன்.
பஸ் காசு எண்பது ரூபாய் தண்டம்.

மாடு இன்னும் என் இடுப்பில்தான் தொங்குகிறது.
நாகவேணி இந்த வருஷமும் தக்காளிதான் நட்டிருக்கிறாள்,
சொன்னால் கேட்கிற பிறவி இல்லை.
வரட்டும் சித்திரை.
திறக்கச் சொல்ல அப்போதும் ஆளிருக்காது.
திறக்காதே என்று சொல்லவும்
இப்போது யாரும் இல்லை.