பதினேழாம் நம்பர்

மாலை ஐந்தரைக்கு வேனிலிருந்து இறக்கிச்
சாய்த்துவிட்டுப் போகிறார்கள்,
யுங்காஸ் சாலையின் சேறு காயக் காய.
ஓட்டியவர்களுக்கு ஆளுக்கொரு டீ-ஷர்ட்,
'உயிரோடு வந்தேன்' என்று முதுகில் எழுதியது.
சைக்கிள்களுக்கு யாரும் எதுவும் எழுதித் தருவதில்லை.

பதினேழை முதலில் எடுக்கிறேன்.
முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து
முன்னும் பின்னும் ஆட்டினால்
டொக்.
ஹேண்டில்பாரின் கழுத்திலிருந்து அல்ல.
சீலின் விளிம்பில் விரலை வைத்து இன்னொரு முறை.
டொக்.
விரலுக்குத் தெரிந்துவிட்டது.

காற்றை இறக்குகிறேன், கடைசிச் சீறல் வரை.
இறக்க மறந்த ஒரு நாள்
என் தாடையில் தழும்பாக இருக்கிறது.
கீழ் போல்ட்டுகளை மூன்று சுற்றுத் தளர்த்தி
ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு.
ஊற்றியது பத்து மில்லி, தேன் நிறம்.
வந்தது மூன்று, சாம்பல் நிறம்,
பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி.
மீதி ஏழை
மேகத்துக்குள் திரும்பும் வளைவுகளிடம்தான் கேட்க வேண்டும்.

ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை என்கிறது கையேடு.
எழுதியவர் நல்லவர்.
ஆனால் நாலாயிரத்து அறுநூறு மீட்டரிலிருந்து
ஆயிரத்து இருநூறுக்கு
தினம் ஒரு புது பயத்தை இறக்கிப் பார்த்தவரில்லை.
பயந்தவர்கள் முன் பிரேக்கை விடுவதே இல்லை.
அந்தக் கனமெல்லாம் இந்த இரண்டு கால்களில்.

இன்னொன்று, நானாகவே கண்டுபிடித்தது:
வில்லா ஃபாத்திமாவின் இந்தப் பட்டறையில்
காற்று மெலிந்தது.
அதைத்தான் கால்களுக்குள் வைத்து மூடுகிறேன்.
கீழே யோலோசாவில்
வாழைத்தார் தொங்கும் கனத்த காற்று
வெளியே நின்று நெரிக்கிறது.
ஃபோர்க் கொஞ்சம் குறுகி உள்ளே மூச்சிழுக்கும்,
உதட்டில் ஒட்டிய சேற்றையும் சேர்த்து.
வேன் ஓட்டும் ருஃபீனோவிடம்
ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை கொடுத்தனுப்பினேன்:
நன்றாகத் துடைத்துவிட்டுச் சீலுக்கடியில் நுழை,
'ஸ்ஸ்' என்று கேட்டதும் எடுத்துவிடு.
அவன் அதால் ஒரு கோழியின் கால்களைக் கட்டிக்கொண்டு வந்தான்.

ஒன்பதாம் நம்பரில் ஒரு கீறல் இருந்தது.
என் சிவப்பு நகப்பூச்சை வைத்து நிரப்பி
நயமான உப்புத்தாளால் தேய்த்தேன்.
மூன்று மாதமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை.
பதினேழுக்கு அப்படி ஒன்றும் செய்ய முடியாது.
உள்ளே புஷ் தேய்ந்து முட்டையாகிவிட்டது,
பொன்னிறக் குழாயில்
கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளித் தீவு.

செனோன் வாசலில் நின்று சொன்னார்:
"தாங்கும். இன்னும் ஒரு சீசன் தாங்கும்."
தாங்கும் என்று சொல்கிறவர்
ஒருநாளும் தாங்குகிறவராக இருப்பதில்லை.
சனிக்கிழமை பதினான்கு டேனிஷ்காரர்கள்,
பதினான்கு சைக்கிள்கள்.
கணக்கு அவருக்கு அவ்வளவுதான்.

ஆனாலும் திறந்த வயிற்றோடு விட்டுப்போக
மனசு வரவில்லை.
பஞ்சு வளையங்களை எண்ணெயில் ஊறவைத்தேன்,
புதுச் சீல் அடித்தேன், பத்து மில்லி ஊற்றினேன்.
அழுத்தினால் வெண்ணெய் போல் இறங்கி ஏறியது.
கடையில் வைத்தால் யாரும் ஏமாறுவார்கள்.
முன் பிரேக்கைப் பிடித்து ஆட்டினேன்.
டொக்.

விளக்கை அணைக்குமுன்
பதினேழின் முன் அச்சைச் சுழற்றி உருவி
ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.
சக்கரமில்லாத சைக்கிளை
எந்த டேனிஷ்காரனும் வாடகைக்கு எடுக்க மாட்டான்.

மினிபஸ்ஸில் அது விலாவில் சில்லென்று குத்தியது.
எடுத்து மடியில் வைத்தேன்.
பக்கத்து இருக்கைப் பெரியவர் எட்டிப் பார்த்து,
"கேனா வாசிப்பீர்களா?" என்றார்.
நடுவில் துவாரம் இருக்கிறதே, பாவம்.
"இப்போதுதான் பழகுகிறேன்" என்று
ஊதிக் காட்டினேன்.
ஒரு சத்தமும் வரவில்லை.
வாயெல்லாம் கிரீஸ்.
சட்டைப்பையில் செனோன் அடித்துக்கொண்டே இருந்தார்.